3 மில்லிமீட்டர் கூன்வண்டை விவரிப்பது: தலையிலிருந்து வால் வரை எழுதினால் போதுமா?

சருகுப்பை · மார்ச் 4, இரவு 9.40

சிங்கப்பூரில் காட்டுச் சருகைச் சலித்து, வலைப்பையில் மூன்று நாள் தொங்கவிட்டதில் இறங்கிய கூன்வண்டு. கறுப்பு, 3 மில்லிமீட்டருக்குள். கையில் 9 மாதிரிகள். அனுமதி எல்லாம் முறைப்படி வாங்கியாயிற்று. இனம்காண உதவும் திறவுகோல் எதிலும் இது உட்காரவில்லை, புதிய சிற்றினம் என்றே தோன்றுகிறது. உடலமைப்பை நான்கு பக்கம் எழுதிவிட்டேன். என் கட்சி இதுதான்: உடலமைப்பை ஒன்று விடாமல் எழுதிவிட்டால் விவரிப்பு முடிந்தது. எதிலிருந்து வேறுபடுகிறது என்பதைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்று, தமிழிலும் எழுத ஆசை. செல்லுமா?

தொடக்கம் இப்படி: "தலை உருண்டையானது. கண்கள் பெரியவை. நீள்மூஞ்சி வளைந்தது. உடல் பளபளக்கும் கறுப்பு. கால்கள் வலிமையானவை. உணர்கொம்பு 11 கணுக்களைக் கொண்டது."

ஆறுகால் · மார்ச் 4, இரவு 10.25

இந்த ஆறு வரியும் நூறு கூன்வண்டுகளுக்குப் பொருந்தும். "பெரிய கண்" எதைவிடப் பெரியது? இரு கண்ணுக்கும் இடையுள்ள நெற்றியின் அகலத்தை நீள்மூஞ்சியின் அடி அகலத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள், அப்போதுதான் வரிக்கு வேலை வரும். "வலிமையான கால்" என்பதை அடித்துவிடுங்கள். பளு தூக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?

உங்கள் கட்சி விதிப்படியே தோற்கிறது. அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் 13ஆம் விதி, மற்ற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் சொல்லும் விவரிப்பைக் கேட்கிறது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சொல்லுக்கு ஈடாகாது. வேறுபாட்டைப் பின்னால் வருபவர் தலையில் கட்ட முடியாது.

ஆறுகால் · மார்ச் 4, இரவு 11.05

தமிழ் பற்றிய கேள்வியை விட்டுவிட்டேன். விவரிப்பு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்று விதி கட்டுப்படுத்தவில்லை. பெயர் மட்டும் லத்தீன் எழுத்தில் இருக்கவேண்டும். அதோடு 13ஆ (13B) என்ற பரிந்துரை ஒன்று உண்டு: வேறுபாட்டுக் குறிப்பை உலக அளவில் விலங்கியலில் புழங்கும் மொழியில் எழுதுங்கள், அந்த உயிரினம் வாழும் வட்டாரத்தின் மொழிகளிலும் கொடுங்கள் என்கிறது. சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கில் தமிழ் ஒன்று. ஆகவே உங்கள் ஆசைக்கு இடம் இருக்கிறது. பரிந்துரை என்பது கட்டாயமல்ல, அவ்வளவுதான். நான்கு பக்கத்தையும் தமிழில் போடவேண்டியதில்லை. வேறுபாட்டுக் குறிப்பு ஒரு பத்தி தமிழில் வந்தால் போதும், ஆனால் அந்தப் பத்தி இறுக்கமாக இருக்கவேண்டும்.

ஈரமண் · மார்ச் 5, காலை 7.15

பெயருக்குத் தமிழ்ச் சொல் வைக்கலாமா?

ஆறுகால் · மார்ச் 5, காலை 7.50

வைக்கலாம், எந்த மொழிச் சொல்லும் ஆகும். லத்தீன் பெயரடையாக்கி வைத்தால் பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப ஈறு மாற்றவேண்டி வரும். பேரினத்தோடு ஒட்டி நிற்கும் பெயர்ச்சொல் என்று அறிவித்துவிட்டால் ஈறு எந்தக் காலத்திலும் மாறாது. எழுத்துக்கு மேலே கோடு, கீழே புள்ளி எதுவும் கூடாது. ஆக ழகரம் உள்ள சொல் என்றால் புள்ளி வைத்த எழுத்து கிடைக்காது, இரண்டு எழுத்தைச் சேர்த்துத்தான் ஒப்பேற்றவேண்டும். உலகம் அதை எப்படி உச்சரிக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பல்ல.

வைக்க நினைக்கும் பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள். இணைய உரையாடலில் போட்ட பெயர் வெளியீடாகாது, ஆனால் காற்றில் போய்விடும்.

ஆறுகால் · மார்ச் 5, பிற்பகல் 1.10

முக்கியமான ஒன்று. "நீள்மூஞ்சி வளைந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, முழு நீளத்தையும் பார்த்தீர்களா? மூஞ்சியை மார்பின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் மடக்கி வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது என்றால், காய்ந்த மாதிரியில் தெரிவது அடிப்பாதி மட்டும்தான். பள்ளம் எங்கே முடிகிறது, முன்மார்போடு நிற்கிறதா நடுமார்பின் அடித்தகடு வரை போகிறதா, முடியும் இடத்தின் விளிம்பு திறந்ததா மூடியதா என்பதெல்லாம் மூஞ்சியை வெளியே எடுத்தால்தான் தெரியும். பேரினமே அதில்தான் தீர்மானமாகலாம்.

எடுக்கும் விதம்: வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மாதிரியை அதில் இரண்டு மணி நேரமாவது ஊறவிடுங்கள். 96 விழுக்காட்டு எத்தனாலில் இருந்தது என்றால் மூட்டுகள் விறைத்திருக்கும், இரவு முழுக்கக்கூட ஆகலாம். நுனி வளைத்த மிக மெல்லிய ஊசியைக் கண்ணுக்குக் கீழே கொடுத்து, மூஞ்சியை முன்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் உணர்கொம்பு முதலில் போய்விடும். அது மூஞ்சியின் பக்கவாட்டுப் பள்ளத்தில்தான் படுத்திருக்கும்.

சருகுப்பை · மார்ச் 6, இரவு 8.30

இரண்டை ஊறவைத்தேன். ஒன்று வந்தது. இன்னொன்றில் ஒரு உணர்கொம்பு போய்விட்டது. பள்ளம் நடுமார்பு வரை போகிறது, முடியும் இடம் மூடிய விளிம்பு. நான் "வளைந்தது" என்று எழுதியது தவறு. அடியில் மட்டும்தான் வளைவு, நுனிப்பாதி நேர்.

ஆறுகால் · மார்ச் 6, இரவு 9.20

போன உணர்கொம்பை எறிந்துவிடாதீர்கள். சிறு அட்டையில் ஒட்டி அதே ஊசியில் குத்துங்கள்.

இப்போது அளவு. இந்தக் கூட்டத்தில் உடல் நீளம் என்றால் முன்மார்பின் முன்விளிம்பிலிருந்து எலிட்ராவின் (முதுகை மூடும் ஓட்டின்) பின்முனை வரை, மேலிருந்து பார்த்து. தலையும் மூஞ்சியும் சேராது. தலை உள்ளே போகும், வெளியே வரும். அதைச் சேர்த்தால் ஒரே வண்டுக்கு இரண்டு நீளம் கிடைக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இது விட்டுப்போன கட்டுரைகளின் எண்களை யாராலும் பயன்படுத்த முடிவதில்லை.

மாதிரி சாய்ந்திருந்தால் நீளம் குறைந்து காட்டும். 10 பாகை சாய்வில் 1.5 விழுக்காடு, பெரிதில்லை. 20 பாகையில் 6 விழுக்காடு: 2.40 மில்லிமீட்டர் வண்டு 2.26 ஆகிவிடும். முன்விளிம்பும் பின்முனையும் ஒரே சமயத்தில் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் மட்டம் சரி.

ஈரமண் · மார்ச் 7, காலை 8.05

"11 கணு" என்பதை யாரும் கவனிக்கவில்லையா? கரும்பில் கணு என்பது முடிச்சு. இரண்டு முடிச்சுக்கு நடுவில் இருப்பது கணுவிடை. உணர்கொம்பில் எண்ணுவது முடிச்சையா துண்டையா? 11 கணு என்றால் 12 துண்டு என்று ஒருவர் வாசிக்கலாம்.

ஆறுகால் · மார்ச் 7, காலை 8.40

நானும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஈரமண் சொல்வது சரி. கணுக்காலி என்ற சொல்லில் கணு மூட்டைத்தான் குறிக்கிறது. "துண்டு" என்று எழுதுங்கள், அதுவும் பிரித்து: முழங்கைபோல் மடங்கும் நீண்ட முதல் துண்டு, அதன்பின் இழைத் துண்டுகள் இத்தனை, நுனியில் குண்டு. கூன்வண்டில் இழைத்துண்டு பெரும்பாலும் 7, சிலவற்றில் குறைவு. குண்டு வெளியே பார்க்க 3 துண்டு. "11" என்று மொத்தமாகச் சொன்னால் இழையில் 7ஆ 6ஆ என்பதே மறைந்துபோகும், பேரினத்தைப் பிரிப்பதே அந்த எண்ணாக இருக்கலாம். கடைசி இழைத்துண்டு குண்டோடு ஒட்டிக்கொண்டு நான்காவது குண்டுத்துண்டுபோல் ஏமாற்றும். அடியிலிருந்து நுனிக்கு எண்ணுங்கள், நுனியிலிருந்து எண்ணவே வேண்டாம்.

அப்படியே பாதத்தையும் பார்த்துவிடுங்கள். டார்சஸ் 4 துண்டு என்றுதான் கண்ணுக்குத் தெரியும், உண்மையில் 5. மூன்றாம் துண்டின் இரு மடல்களுக்கு நடுவே, நகத்தைத் தாங்கும் கடைசித் துண்டின் அடியில், நான்காவது ஒரு சிறு வளையமாக ஒளிந்திருக்கும். உங்கள் பக்கம் 3இல் "டார்சஸ் 4 துண்டு" என்று எழுதியிருப்பீர்கள், பந்தயம்.

சருகுப்பை · மார்ச் 7, நண்பகல் 12.15

பக்கம் 2.

ஆறுகால் · மார்ச் 7, இரவு 10.00

எலிட்ரா. "முன்னிறக்கை" என்று பாடநூல்போல் எழுதுவதில் தவறில்லை, ஆனால் இந்த வண்டுக்கு அது பறக்கும் உறுப்பில்லை, ஓடு. நான் எலிட்ரா என்றே வைத்துக்கொள்வேன், முதல் முறை வருமிடத்தில் "ஓடாகத் தடித்த முன்னிறக்கை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு.

எலிட்ராவில் நீளவாக்கில் ஓடும் குழிவரிகளை நடுத்தையலிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணுங்கள். ஒவ்வொரு எலிட்ராவிலும் 10 வரி இருப்பது வழக்கம். பக்கவாட்டில் 9ஆவதும் 10ஆவதும் பின்பாதியில் ஒன்றாகிவிடும் அல்லது மங்கும், அதை "9 வரி" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு வரிக்கு இடையுள்ள மேட்டை "இடைவரி" என்றால் இன்னொரு வரி என்று படும். "வரியிடை" நல்ல சொல். தையலை ஒட்டியது வரியிடை 1.

"குழி அடர்த்தி" என்று எழுதாதீர்கள். குழிக்கும் குழிக்கும் இடைவெளியைக் குழியின் விட்டத்தால் சொல்லுங்கள்: "இடைவெளி விட்டத்தில் பாதி" என்றால் லண்டனில் இருப்பவருக்கும் ஈப்போவில் இருப்பவருக்கும் ஒரே பொருள். குழிக்குள் செதில் இருக்கிறதா மயிர் இருக்கிறதா, அது குழி விளிம்பைத் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்துவிடுங்கள். தேய்ந்த மாதிரியில் செதில் கொட்டிப்போயிருக்கும். 9இல் மிகக் குறைவாகத் தேய்ந்ததைப் பார்த்து எழுதி, மற்றவற்றில் எங்கே தேய்வு என்று சொல்லுங்கள்.

சருகுப்பை · மார்ச் 8, காலை 9.30

படத்தில் குழியே தெரியவில்லை. எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறது.

ஆறுகால் · மார்ச் 8, காலை 10.10

நேர் வெளிச்சம். பளபளக்கும் ஓட்டில் விளக்கின் பிம்பம்தான் விழுகிறது. தாபாவ் (பொட்டலம்) வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையின் அடியை வெட்டிவிட்டு மாதிரியைச் சுற்றிக் கவிழுங்கள், விளக்கு வெளியே இருக்கட்டும். படியெடுக்கும் மெல்லிய தாளை உருளையாகச் சுற்றினாலும் சரி. மின்னல் போய்க் குழி வரும். ஆனால் குழிகளுக்கு நடுவே உள்ள நுண்வலைப் பின்னலைப் பார்க்க இதே மென்வெளிச்சம் உதவாது. அதற்குக் கோப்பையை எடுத்துவிட்டு, ஒரே பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் கொடுக்கவேண்டும். இரண்டு படம் எடுங்கள்.

வெவ்வேறு ஆழத்தில் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கிக் கூர்மைப்படம் ஆக்கும்போது இந்த அளவு வண்டுக்கு 40 படம்போல் ஆகும். மயிரைச் சுற்றிப் பேய்வட்டம் விழுந்தால் மென்பொருளைக் குறை சொல்லுமுன் படிநீளத்தைக் குறைத்துப் பாருங்கள்.

நிறம் பற்றியும் ஒரு சொல். 9இல் ஒன்று செம்பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், "நிற வேறுபாடு" என்ற தலைப்பில். விரலால் அல்ல, ஊசி முனையால் எலிட்ராவை அழுத்திப் பாருங்கள். குழைந்தால் அது கூட்டுப்புழுவிலிருந்து அண்மையில் வெளிவந்தது, இன்னும் கறுக்கவில்லை.

சருகுப்பை · மார்ச் 8, மாலை 6.45

குழைகிறது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

ஆறுகால் · மார்ச் 9, இரவு 9.15

ஆண் உறுப்பு. சருகுக் கூன்வண்டுகளில் வெளித்தோற்றம் ஒன்றாகவும் இது மட்டும் வேறாகவும் இருப்பது சகஜம். டிரைகொனாப்டெரஸ் என்ற கூன்வண்டுப் பேரினத்தையே பாருங்கள்: 2013இல் நியூ கினியிலிருந்து 101, அடுத்த ஆண்டு சுண்டா வட்டாரத்திலிருந்து 98, 2019இல் சுலாவெசியிலிருந்து 103 என்று புதிய சிற்றினங்கள் வந்தன. டி.என்.ஏ., உறுப்புப் படம், சுருக்கமான விவரிப்பு ஆகிய மூன்றும் கைகோத்ததால்தான் அந்த வேகம். அதே பேரினத்தில்தான் இடுப்பு மூட்டு திருகாணியும் மரையுமாக இருப்பது 2011இல் ஊடுகதிர் நுண்படத்தில் தெரியவந்தது. காலின் முதல் துண்டான காக்ஸாவின் உட்சுவரில் மரை, அடுத்த துண்டான ட்ரோகாண்டரில் திருகு. மேலிருந்து பார்த்து எழுதிய எந்த விவரிப்பிலும் அது வந்திருக்க வழியில்லை.

வரிசை தவறக்கூடாது. முதலில் அளவும் படமும். அடுத்து டி.என்.ஏ. அதன்பிறகுதான் காரம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு பட்டபின் டி.என்.ஏ.வை மறந்துவிடலாம். வயிற்றைக் கழற்றி, உடலை நொறுக்காமல், புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே கரைசலில் 56 பாகை செல்சியஸில் ஓர் இரவு வைத்தால் தசை கரையும், ஓடு அப்படியே நிற்கும். அதிலேயே பாதிச் சுத்தம் ஆகிவிடும். சிற்றினத்தை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டு 658 காரமூல இணை நீளம்.

பிறகு வயிற்றை மட்டும் 10 விழுக்காட்டுக் காரத்தில் போடுங்கள்: 10 கிராம், நீர் சேர்த்து மொத்தம் 100 மில்லிலிட்டர். காரத்தை நீரில் போடவேண்டும், நீரைக் காரத்தின் மேல் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதிகமானால் மெல்லிய தகடுகள் கண்ணாடிபோல் ஆகி விளிம்பே தெரியாது. எடுத்ததும் நீர், ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் கலந்த நீர், மறுபடி நீர், கடைசியில் கிளிசரின். கிளிசரினில் உருட்டி மேல், பக்கம் இரு கோணத்திலும் வரையுங்கள். ஆண் உறுப்பின் நடுக்குழலான நடுமடலின் இருபுறமும் உள்ள பக்கமடல்களின் நீளத்தையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஆறுகால் · மார்ச் 9, இரவு 11.40

மேலே கடைசி வரி தவறு. பக்கமடல் இரண்டு தனித்தனியாக நிற்பது தரைவண்டு, சாணவண்டுகளில். கூன்வண்டில் நடுமடலைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வளையம் இருக்கும், பக்கமடல்கள் அதன் தகடாகிவிட்டன. நடுமடலின் அடியிலிருந்து இரண்டு நீண்ட தண்டுகள் உள்ளே போகும். அவற்றின் நீளத்தை மடலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். உள்ளே இருக்கும் பையில் ஏதாவது கடினத் தகடு தெரிந்தால் அதன் வடிவம்தான் தங்கம்.

பெண்ணில் விந்துப்பை வளைந்த கொக்கிபோல் இருக்கும், கடினமானது, காரத்துக்கு அசையாது. தெளிவாகத் தெரியவில்லை என்றால் குளோரசால் கறுப்புச் சாயம் ஒரு துளி.

ஈரமண் · மார்ச் 10, காலை 7.30

புதியது என்று எதை வைத்து முடிவு? சிங்கப்பூரில் இல்லாதது என்றாலே புதியதா?

ஆறுகால் · மார்ச் 10, காலை 8.20

இல்லை. பனியுகத்தில் கடல் 120 மீட்டர்போல் இறங்கியபோது சுமத்ரா, போர்னியோ, தீபகற்பம் எல்லாம் ஒரே நிலம். உங்கள் வண்டுக்குச் சரவாக்கிலோ சுமத்ராவிலோ நூறாண்டுக்கு முன் பெயர் வைத்திருக்கலாம். 1854இல் இயற்கையியலாளர் வாலஸ் இங்கே இரண்டு மாதத்தில் 700 சிற்றின வண்டுகள்போல் பிடித்தார், பெரும்பகுதி புக்கிட் தீமா பக்கத்து ஒரு துண்டுக் காட்டில். அதில் நீள்கொம்பு வண்டு மட்டும் 130. அவற்றை 1860களில் பூச்சியியலாளர் பாஸ்கோ விவரித்தார், கூன்வண்டுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்து லத்தீன் மூன்று வரியைப் படித்து எதையும் ஒதுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. முன்னே நீங்கள் எழுதிய ஆறு வரியின் கொள்ளுத் தாத்தா அது. லண்டனில் இருக்கும் மூல மாதிரியின் படத்தைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

ஆறுகால் · மார்ச் 11, இரவு 8.50

ஹோலோடைப்பாக (பெயரைத் தாங்கி நிற்கும் மூல மாதிரியாக) ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உறுப்பு எடுத்த ஆண். எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதைக் கட்டுரையில் எழுதவேண்டும், 1999க்குப் பின் அது கட்டாயம். இங்கே என்றால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். மற்ற எட்டும் பாராடைப் (துணை மாதிரி) ஆகலாம், அந்தக் குழைந்த ஒன்றை விட்டுவிடலாம்.

முக்கோண அட்டையின் நுனியில் வண்டின் வலப்பக்க மார்பை ஒட்டுங்கள், நீரில் கரையும் பசையால். அடித்தட்டும் மூஞ்சிப் பள்ளமும் மறையக்கூடாது. பித்தளை ஊசி வேண்டாம், உடல் கொழுப்போடு சேர்ந்து பச்சை பூத்துவிடும். துருவேறா எஃகு. நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்த பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும், ஈரம் நீக்கும் பெட்டி இல்லாமல் தொடங்காதீர்கள். உறுப்பு இருக்கும் கிளிசரின் குப்பி அதே ஊசியில், சீட்டுக்கு மேலே. சீட்டில் இடம், ஆயத்தொலை, உயரம், தேதி, முறை, சேகரித்தவர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் 4-3ஆ 3-4ஆ என்ற சண்டை வராது.

சருகுப்பை · மார்ச் 14, இரவு 10.30

நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. தமிழ்ப் பத்தி:

"நீளம் 2.413 மி.மீ. (ஹோலோடைப்), பாராடைப்புகளில் 2.257–2.594. நீள்மூஞ்சி அடியில் வளைந்தது, நுனிப்பாதி நேர். மூஞ்சிப் பள்ளம் நடுமார்பின் அடித்தகட்டில் மூடிய விளிம்போடு முடியும். உணர்கொம்பின் இழைத்துண்டு 7. முன்மார்பு மேற்பலகைக் குழிகளின் இடைவெளி குழி விட்டத்தில் பாதி. எலிட்ராவின் வரி 1, 2 பின்முனை வரை தெளிவு, 3 முதல் 6 வரை நடுவோடு மங்கும் (நெருங்கிய சிற்றினத்தில் ஆறும் தெளிவு). ஆணின் பின் டிபியாவில் (கீழ்க்காலில்) உட்புற நுனியில் ஒரு பல் (அதில் பல் இல்லை). நடுமடலின் நுனி வெட்டியதுபோல் நேர் (அதில் கூர்)."

ஆறுகால் · மார்ச் 14, இரவு 11.20

இதை வைத்துக்கொண்டு ஒருவர் இன்னொரு வண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "நெருங்கிய சிற்றினம்" இருக்குமிடத்தில் அதன் பெயரை எழுதுங்கள். பல் என்றால் எத்தனை பேருக்கு? எல்லா ஆணுக்குமா, பெரிய ஆணுக்கு மட்டுமா? உங்களிடம் எத்தனை ஆண்?

சருகுப்பை · மார்ச் 15, காலை 6.55

4. மூன்றில் தெளிவான பல், மிகச் சிறிய ஒன்றில் வெறும் மேடு.

ஆறுகால் · மார்ச் 15, காலை 7.20

அப்படியே எழுதுங்கள்: "பல், சிறிய ஆணில் மேடு". இன்னொன்று, உங்கள் நுண்ணோக்கிக் கண்ணாடிவில்லை அளவுகோலின் ஒரு கோடு எத்தனை மில்லிமீட்டர்?

சருகுப்பை · மார்ச் 15, காலை 7.25

0.025.

ஆறுகால் · மார்ச் 15, காலை 7.30

அப்படியானால் 2.413 எங்கிருந்து வந்தது? 2.40 என்று போடுங்கள். வீச்சு 2.25–2.60.